எத்தனை அங்குலத் திரை? – படிக்கப் போகும் பிள்ளைக்கு லெப்டொப் வாங்குமுன் ஒரு பாடம்

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பிள்ளைக்குப் பல்கலைக்கழகமோ கல்வியியற் கல்லூரியோ கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் நமது தோட்ட வீடுகளில் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் சேர்ந்து வருகிறது. "லெப்டொப் ஒண்ணு வேணுமாம். எதை வாங்குறது, காசுக்கு எங்க போறது?" என்பதுதான் அந்தக் கவலை.

இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். சீட்டுக் காசு, தீபாவளி முற்பணத்தில் மிச்சம் பிடித்தது, கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பியது, அதுவும் போதாவிட்டால் அம்மாவின் காதில் கிடப்பது. 2022ஆம் ஆண்டு ரூபாவின் பெறுமதி விழுந்தபோது, வெளிநாட்டில் இருந்து வரும் இந்தச் சாமான்களின் விலை ஒரேயடியாக ஏறிப்போனது. ஆகவே ஒரு முறை தவறாக வாங்கினால் இன்னொரு முறை வாங்க வழியில்லை.

கடைக்குள் போனதும் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன சைஸ் வேணும், பதினாலா, பதினைஞ்சு ஆறா?" என்பதுதான். அதற்குப் பதில் தெரியாமல் நிற்கும்போதுதான் நமது கையில் இருக்கும் காசுக்கு மேலே உள்ள ஒன்று தலையில் கட்டப்படுகிறது. இந்த இதழில் அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்போம்.

1. அங்குலம் என்று எதைச் சொல்கிறார்கள்?

14 அங்குலம் என்றால் திரையின் அகலம் 14 அங்குலம் என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. திரையின் ஒரு கீழ் மூலையில் இருந்து எதிர்ப்பக்க மேல் மூலை வரை குறுக்காக அளந்தால் வரும் நீளம்தான் அது. டிவியின் அளவும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. ஒரு அங்குலம் 2.54 சென்ரிமீற்றர்.

கடைகளில் அதிகமாக இருக்கும் 16க்கு 9 என்ற வடிவத் திரைகளின் உண்மையான அளவு இதுதான்:

11.6 அங்குலம் – அகலம் 25.7 சென்ரிமீற்றர், உயரம் 14.4
13.3 அங்குலம் – அகலம் 29.4, உயரம் 16.6
14 அங்குலம் – அகலம் 31, உயரம் 17.4
15.6 அங்குலம் – அகலம் 34.5, உயரம் 19.4

ஓ/எல் கணிதத்தில் பைதகரஸ் தேற்றம் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 31இன் வர்க்கத்தையும் 17.4இன் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 35.6 வரும். 14ஐ 2.54ஆல் பெருக்கினாலும் அதேதான் வரும்.

இப்போது 14ஐயும் 15.6ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகலத்தில் மூன்றரை சென்ரிமீற்றர், உயரத்தில் இரண்டு சென்ரிமீற்றர். இந்த வித்தியாசத்திற்குத்தான் நாம் காசும் கொடுக்கிறோம், பாரமும் சுமக்கிறோம்.

இப்போது சில புதிய லெப்டொப்கள் 16க்கு 10 என்ற வடிவத்தில் வருகின்றன. அந்த 14 அங்குலத் திரையின் உயரம் 18.8 சென்ரிமீற்றர். வாசிக்கும் பிள்ளைக்கு உயரம் கூடினால் வரிகள் கூடத் தெரியும். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் இதை எடுக்கலாம்.

2. வீட்டிலேயே செய்து பாருங்கள்

கடைக்குப் போகுமுன் பழைய மட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, அடிமட்டத்தால் அளந்து, 14 அங்குலத் திரைக்கு ஒரு துண்டும் 15.6 அங்குலத் திரைக்கு ஒரு துண்டும் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் பிள்ளை படிக்கும் மேசையில், சுவரில் சாய்த்து வையுங்கள். மேசை இல்லாத வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறதோ அங்கே வையுங்கள். ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும்.

பிறகு ஒரு ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் பக்கத்தில் வையுங்கள். 14 அங்குலத் திரை அந்தத் தாளைவிட அகலத்தில் ஒரு சென்ரிமீற்றர் கூட, உயரத்தில் மூன்றரை சென்ரிமீற்றர் குறைவு. விரிவுரைக் குறிப்பு வாசிக்க, ஒப்படை எழுத இது போதுமா என்று பிள்ளையே சொல்லட்டும்.

கடைசியாக, பிள்ளையின் பேக்கை எடுத்து மட்டையை உள்ளே விட்டுப் பாருங்கள். லெப்டொப்பின் உடம்பு திரையைவிடப் பெரியது. 14 அங்குல லெப்டொப் அகலத்தில் 32, 33 சென்ரிமீற்றர் வரும். 15.6 அங்குலம் என்றால் 36 சென்ரிமீற்றர், பழைய மாதிரிகள் இன்னும் கூட. சாதாரண ஸ்கூல் பேக்கில் 15.6 பல வேளைகளில் சிப் மூடாது. அப்படியானால் புது பேக்கின் விலையையும் லெப்டொப் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

3. அளவு வேறு, தெளிவு வேறு

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

திரை என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் ஏழு புள்ளி வைத்துப் போடும் கோலமும் பதினைந்து புள்ளி வைத்துப் போடும் கோலமும் ஒன்றா? புள்ளி கூடினால் நெளிவு சுளிவு எல்லாம் நுணுக்கமாக வரும். திரையும் அப்படித்தான்.

கடைகளில் இரண்டு வகை அதிகம். ஒன்று 1366க்கு 768 புள்ளி. மொத்தம் சுமார் பத்து இலட்சம் புள்ளிகள். மற்றது 1920க்கு 1080 புள்ளி. மொத்தம் சுமார் இருபது இலட்சம். இதை 'புல் எச்.டி.' என்று சொல்வார்கள். முதலாவதை வெறும் 'எச்.டி.' என்பார்கள். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், புள்ளியில் இரண்டு மடங்கு வித்தியாசம்.

விலை குறைவான 15.6 அங்குல லெப்டொப்கள் சிலவற்றில், பாவித்தவற்றில் கூடுதலாக, இந்த 1366க்கு 768தான் இருக்கும். பார்க்கப் பெரிது, ஆனால் எழுத்துகளின் ஓரம் மங்கலாக இருக்கும். நமது தமிழ் எழுத்துகளின் சுழியும் கொம்பும் புள்ளியும் தெளிவாகத் தெரியாது. புல் எச்.டி. உள்ள 14 அங்குலத் திரை அதைவிடச் சிறியதாக இருந்தாலும் ஒரே நேரத்தில் அதிக வரிகளைக் காட்டும், தெளிவாகவும் காட்டும்.

"சின்னத் திரையில எழுத்து பொடியாத் தெரியுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லெப்டொப்பின் செட்டிங்ஸ் பகுதியில் எழுத்தின் அளவை 100இல் இருந்து 125 வீதமாகக் கூட்டலாம். அப்படிக் கூட்டிய பிறகும், 1536க்கு 864 புள்ளியுள்ள திரை அளவுக்கு அதில் விஷயம் தெரியும். அதுவே 1366க்கு 768ஐவிடக் கூட.

இரண்டு லெப்டொப்களிலும் புல் எச்.டி.தான் இருக்கிறது, ஒன்று 14, மற்றது 15.6 என்றால் என்ன வித்தியாசம்? திரையில் தெரியும் விஷயத்தில் ஒரு வரிகூட வித்தியாசம் இல்லை. 15.6இல் எழுத்து நூற்றுக்குப் பதினொரு பங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு விஷயத்தைக் கடையில் பார்க்க வேண்டும்.

திரையை நேராகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தும் மேலே இருந்தும் பாருங்கள். 'டி.என்.' என்ற பழைய வகைத் திரையில் பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் மாறி, வெளிறிப்போகும். 'ஐ.பி.எஸ்.' வகையில் அப்படி ஆகாது. நமது வீடுகளில் அக்கா படிக்கும்போது தம்பியும் தங்கச்சியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆகவே ஐ.பி.எஸ். நமக்குத் தேவை.

அடுத்தது, திரை கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறதா, மட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். லயத்து அறையில் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே கதவு வழியாகத்தான் வருகிறது. பளபளப்பான திரையில் கதவும் முகமும் தெரியும், எழுத்து தெரியாது. பளபளப்பு இல்லாத திரையே நல்லது.

4. சுமக்கப்போவது யார்?

14 அங்குல லெப்டொப் சாதாரணமாக 1.4 முதல் 1.6 கிலோ வரை இருக்கும். 15.6 அங்குலம் 1.7 கிலோவில் இருந்து 2 கிலோவுக்கு மேலும் போகும். சார்ஜர் தனி. "அரைக் கிலோ ஒரு பாரமா?" என்று கடைக்காரர் கேட்கலாம். கொழுந்துக் கூடை சுமந்த அம்மாமாருக்கு அதற்கு விடை சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. எடுக்கும்போது இலேசாக இருப்பது மேடு ஏறும்போது கனக்கும்.

பிள்ளை போகும் வழியை நினைத்துப் பாருங்கள். லயத்தில் இருந்து பிரதான வீதிக்கு நடை. அங்கிருந்து பஸ், பிறகு இன்னொரு பஸ் அல்லது ரயில். பேராதனைக்கோ, பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸவுக்கோ, ஒலுவிலுக்கோ, வந்தாறுமூலைக்கோ, யாழ்ப்பாணத்திற்கோ போகும் பிள்ளை உடுப்பு, புத்தகம், அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாடு எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் இதையும் தூக்குகிறது. போய்ச் சேர்ந்த பிறகும் விடுதிக்கும் விரிவுரை மண்டபத்திற்கும் நூலகத்திற்கும் இடையே தினமும் நடை.

பாரமாக இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? அறையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போகும். பிறகு போனில் குறிப்பைப் படம் பிடித்துக்கொண்டு வரும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது போனின் சின்னத் திரையில் நமது பிள்ளைகள் பட்ட பாட்டை மறக்கவில்லை. கடன்பட்டு லெப்டொப் வாங்கிக் கொடுத்த பிறகும் அதே நிலை என்றால் அந்தக் காசு வீண்தானே?

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சை இப்படி வைத்துக்கொள்வோம்:

"அம்மா, பெரிய திரையா இருந்தா நல்லா இருக்கும்மா. கூட வர்ற புள்ளைங்க எல்லாம் பெருசுதான் வாங்குறாங்க."

"வாங்கட்டும். அவங்க வீட்டு வாசல்ல பஸ் நிக்குதோ என்னமோ. நீ ரெண்டு கிலோ அரிசியைப் பேக்ல போட்டுக்கிட்டு, கோயிலடி வரைக்கும் ஒருக்கா போயிட்டு வா. வந்து சொல்லு, அப்புறம் பேசுவோம்."

அந்த அம்மா சொன்னதைவிட நல்ல பரிசோதனை எந்தக் கடையிலும் இல்லை.

5. எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும்?

*விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, தினமும் பஸ்ஸில் போய்வரும் பிள்ளை:* 14 அங்குலம், புல் எச்.டி. நமது பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த வகைதான். கலை, முகாமைத்துவம், கல்வியியல் எதுவானாலும் இது போதும்.

*வீட்டில் இருந்தே படிக்கும் பிள்ளை:* லெப்டொப் மேசையை விட்டு அசையப்போவதில்லை, வீட்டில் இரண்டு மூன்று பேர் பாவிக்கப் போகிறார்கள் என்றால் 15.6 எடுக்கலாம். அப்போதும் புல் எச்.டி. கட்டாயம்.

*கணக்கியல் படிக்கும் பிள்ளை:* 15.6 அங்குல லெப்டொப்கள் பலவற்றில் வலது பக்கம் இலக்கங்களுக்குத் தனி விசைகள் இருக்கும். 14இல் பெரும்பாலும் இருக்காது. இதற்காக மட்டும் பெரியதை எடுக்கத் தேவையில்லை. வயரில் செருகும் சின்ன இலக்க விசைப்பலகை தனியாக மலிவாகக் கிடைக்கிறது.

*பொறியியல், கட்டட வரைபடம் படிக்கும் பிள்ளை:* பெரிய திரை உதவும். ஆனால் இவர்கள் வாங்குமுன் தங்கள் பீடத்து மூத்த மாணவர்களிடம் என்ன மென்பொருள் பாவிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். திரையைவிட உள்ளே இருக்கும் சாமான்தான் அங்கே முக்கியம்.

*11.6 அங்குலம்:* விலையைப் பார்த்து ஆசை வரும். வேண்டாம் என்பதே எமது கருத்து. இந்த அளவில் வரும் மலிவான லெப்டொப்கள் பலவற்றில் மெமரியும் சேமிப்பு இடமும் மிகக் குறைவு. பிறகு கூட்டவும் முடியாதபடி பலகையோடு ஒட்டியே இருக்கும். நான்கு வருடப் படிப்புக்குத் தாங்காது.

திரையைத் தொட்டால் வேலை செய்யும் வகை படிப்புக்குக் கட்டாயமில்லை. உடைந்தால் மாற்றும் செலவும் சாதாரணத் திரையைவிடக் கூட.

வீட்டுக்கு வந்தால் பெரிய திரை வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. வீட்டில் தட்டை டிவி இருந்தால் அதன் பின்பக்கம் 'எச்.டி.எம்.ஐ.' என்று எழுதிய துளை இருக்கும். ஒரு வயரால் லெப்டொப்பை அதோடு தொடுத்தால் டிவியே திரை. சின்னதை இப்படிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பாரமானதை இலேசாக்க வழியில்லை.

6. கணக்குப் போடுவோம்

லெப்டொப் விலை மாதத்திற்கு மாதம் மாறுகிறது. ஆகவே இங்கே விலைப்பட்டியல் போடவில்லை. கணக்குப் பார்க்கும் முறையைச் சொல்கிறோம். விலையை ரூபாவில் பார்க்காமல் பேரில் பாருங்கள்.

உதாரணமாக, பெரியதற்கும் சின்னதற்கும் வித்தியாசம் 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா, கழிந்தால் மிச்சம் 1,242. இருபதாயிரத்தை அதனால் பிரித்தால் 16 பேர். மூன்றரை சென்ரிமீற்றர் அகலத்துக்காகப் பதினாறு நாள் மலையில் நிற்க வேண்டும். உங்கள் இன்றைய சம்பளத்தையும் கடையில் சொல்லும் விலையையும் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காசு மிஞ்சினால் அதை வேறு இடத்தில் போடலாம். மெமரி 8 ஜீ.பி.க்குக் குறையாமலும், சேமிப்புக்குப் பழைய சுழலும் தட்டு இல்லாமல் 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி.யும் இருக்க வேண்டும். இவை குறைந்த லெப்டொப்பில் திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிள்ளை அது திறக்கும்வரை காத்துக்கொண்டுதான் இருக்கும்.

தவணைக்கு எடுப்பவர்கள் "மாசம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எல்லாம் கட்டி முடியும்போது மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, எழுதி வாங்குங்கள்.

7. பாவித்தது வாங்கினால்

கம்பனிகள் பாவித்துவிட்டு விடும் லெப்டொப்கள் கொழும்பிலும் நகரக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றில் 14 அங்குலமே அதிகம். உறுதியாகவும் இருக்கும். குறைந்த காசுக்கு இது நல்ல வழிதான். ஆனால் கவனமாகப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கம்பனி தந்த சாதாரண ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் கோர் வகை என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2018இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லெட்டிடியூட் 5490 போன்றவை இந்தக் காலத்தவை. ஆனால் அதே பெயரில் 7ஆம் தலைமுறையோடும் வந்தன. திரையும் அப்படித்தான். ஒரே மாதிரியில் 1366க்கு 768ம் உண்டு, புல் எச்.டி.யும் உண்டு. பெயரை நம்பி வாங்காமல் லெப்டொப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

திரையைச் சோதிக்கும் முறை: வெளிச்சத்தை முழுவதும் கூட்டி, ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மஞ்சள் திட்டு, கோடு, அணையாத அல்லது எரியாத புள்ளி தெரிகிறதா பாருங்கள். பிறகு கறுப்புப் பக்கம். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டும்போது படம் துடித்தாலோ, கீல் தளர்ந்து மூடி தானாக விழுந்தாலோ வேண்டாம் என்று வையுங்கள்.

8. கண்ணைப் பற்றி

"எழுத்து தெரியல, பெரிய திரை வேணும்" என்று பிள்ளை சொன்னால் முதலில் கண்ணைக் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்கில் காட்டலாம். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்குப் பெரிய திரை மருந்தாகாது. எந்தத் திரையானாலும் ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது வினாடி பார்க்கட்டும். நமக்குத்தான் கதவைத் திறந்தால் மலை இருக்கிறதே.

கடையில் கேட்க வேண்டியவை

1. திரை எத்தனை அங்குலம்? 1920க்கு 1080 புள்ளியா? திறந்து காட்டுங்கள்.
2. ஐ.பி.எஸ். திரையா? பக்கத்தில் இருந்து பார்க்கலாமா?
3. சார்ஜரோடு சேர்த்து எத்தனை கிலோ?
4. மெமரி எவ்வளவு? எஸ்.எஸ்.டி. எவ்வளவு? பிறகு கூட்டலாமா?
5. உத்தரவாதம் எத்தனை மாதம்? திரைக்கும் சேர்த்தா? பில்லில் எழுதித் தருவீர்களா?

அனுமதிக் கடிதம் வந்த அன்றே ஓட வேண்டியதில்லை. முதல் சில வாரம் நூலகத்திலும் கணினிக் கூடத்திலும் வேலை செய்து பார்த்து, மூத்த மாணவர்களிடம் கேட்டு, பிறகு வாங்கினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேக்கையும் கொண்டு போங்கள். இந்தக் கேள்விப் பகுதியை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நமது காசுக்கு நாம் கேள்வி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.